பட்டப்பகல் கழகத்தின் பலகையை இறக்கும் முன்

இன்றைய கூட்டத்தின் பெருமைமிகு தலைவர் அவர்களே! ஆண்டுதோறும் நண்டை வேகவைத்து, சாமந்தியை எதிரில் வைத்து, நாற்புறமும் கதவை அடைத்துக்கொண்டு பழம்பாட்டுப் பாடும் புலவர் அவையின் தலைவராக இருந்தும், பேச்சுமொழியில் பாட்டெழுதிய எங்களைத் தெருத்தெருவாய் ஏசி, ஏசி ஏசியே எங்களை ஊருக்கெல்லாம் அறிமுகம் செய்துவைத்த பெரியவர் யாவ் அவர்களே!

ஷுவாங்டாங் ஊரின் மூத்தோரே! படகுத்துறைப் பெருமக்களே! இரு பள்ளிகளின் ஆசிரியப் பெருந்தகைகளே! முன்வரிசை முழுவதையும் முற்றுகையிட்டு, தர்ப்பூசணி விதை கொறித்தபடி, 'சீக்கிரம் முடி, வீட்டுல வட்டப் பணியாரம் வெட்டணும்' என்று கண்ணாலேயே கட்டளையிடும் தாய்மார்களே! எங்கள் கழகத்தின் துணைத்தலைவராய், எல்லாக் கூட்டங்களிலும் போலவே இந்தக் கூட்டத்திலும் கண்களை மூடி ஆழ்ந்த சிந்தனையில் ஆழ்ந்திருக்கும் உப்பு அலுவலக எழுத்தர் ஹோ அவர்களே! வேண்டாம், வேண்டாம், அவரை எழுப்பாதீர்கள். சிந்தனை கலைந்தால் கவிதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

இடமில்லாமல் கால்வாயில் படகை நிறுத்தி, சன்னல் வழியே செவிசாய்க்கும் செம்மல்களே! அந்தப் படகுகளுக்கு வழிவிட மறுத்துக் கத்திக்கொண்டிருக்கும் வாத்துகளே! அனைவருக்கும், அரிசி மதுக்கடை ஜின் தாஃபூவின் அன்பு கனிந்த, அடுப்படியிலிருந்து வந்ததால் கொஞ்சம் வியர்வையும் கலந்த வணக்கம்!

எதற்காகக் கூடியிருக்கிறோம்? திருமணமா? இல்லை. திறப்பு விழாவா? அதுவும் இல்லை. என் தலைக்கு மேலே தொங்குகிறதே ஒரு பலகை, 'பட்டப்பகல் இலக்கியக் கழகம்' என்று எழுதிய பலகை, அதை இறக்குவதற்காகக் கூடியிருக்கிறோம். ஒருகாலத்தில் இந்தக் கடையில் உட்கார இடமில்லாமல் மாடிப்படியில் நின்று கவிதை கேட்டார்கள். இன்று கழகத்தில் மிஞ்சியிருப்பவர்கள் மூன்றே பேர். கழகத் தலைவர் கூ பாய்ஷான் வாத்தியார், செயலாளர் நான், தூங்குவதற்கு ஹோ. அந்தக் கூ வாத்தியாரும் நாளைக் காலைப் படகில் தென்கோடிக்குப் புறப்படுகிறார், கான்டன் நகரத்துக் கல்லூரியில் வேலை கிடைத்திருக்கிறது. எனவே விளக்கேற்றும் நேரத்துக்குக் கழகம் கலைகிறது. இதில் அழுவதற்கு ஒன்றுமில்லை, மொச்சை வெந்திருக்கிறது, மது சூடாயிருக்கிறது.

ஆனால் என் மனத்தில் ஒன்று கிடக்கிறது. அதைச் சொல்லிவிட்டே பேச்சைத் தொடங்குகிறேன். இதோ, என் வலப்பக்கத்து மேசையில் கூ வாத்தியார் இருக்கிறார். அதோ, கடைசி வரிசையில், அடுக்களைக் கதவுக்குப் பக்கத்தில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய்விடலாம் என்பதுபோல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் பெண்கள் பள்ளி ஆசிரியை யூலின். இந்தக் கழகத்தைப் பெற்றவர்கள் இந்த இருவர்தாம். இருவரும் பேசிக்கொண்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. பாலத்தில் எதிரெதிரே வந்துவிட்டால், கூ வாத்தியார் சட்டென்று திரும்பி மீன்கடைக்குள் நுழைந்துவிடுவார். அப்படி வாங்கிய மீனை என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார். நானும் என் மனைவியும் இவர்கள் சண்டையில் நன்றாகவே சாப்பிட்டிருக்கிறோம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கழகம் போனால் எனக்குக் கவலையில்லை. இவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் பிரிந்தால், எனக்கு இந்த ஊரில் சோறு இறங்காது. இன்று பேசாவிட்டால் இனி என்று?

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கழகம் கலையும் நொடிவரை கழகத்தின் சட்டம் செல்லும். அந்தச் சட்டம் என்னவென்று ஊரறியும். இரவில் வானத்தில் எழுந்து, பாதி நாள் வளர்ந்து, பாதி நாள் தேய்ந்து, இன்றைய இலையுதிர்காலத் திருநாளில் முழு வட்டமாய் வரப்போகிறாளே, அவள் பெயரைக் கழகக் கூட்டத்தில் யாரும் சொல்லக் கூடாது! சொன்னவர், கூட்டத்தில் உள்ள அனைவருக்கும் ஒரு தட்டுப் பொரித்த சோயாக்கட்டி வாங்கித் தர வேண்டும். சாதாரணக் கட்டியன்று, நன்றாய் நொதித்து, மூன்று தெருவுக்கு முன்பே மூக்கைப் பிடித்து இழுக்குமே, அந்தக் கட்டி. அவளைக் குறிப்பிட்டே ஆகவேண்டும் என்றால், மேசையை இரண்டு முறை தட்ட வேண்டும். இப்படி: டொக் டொக்.

என்ன? சன்னலோரப் படகுக்காரர் கேட்கிறார், 'ஏம்ப்பா ஜின், இன்னைக்குச் சாயங்காலம் பாலத்துக்கு மேல என்னப்பா வரும்?' என்று. கொக்கு வரும், போய்யா! சோயாக்கட்டிக்கு ஆசைப்பட்டு என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறார்.

ஏன் வந்தது இப்படி ஒரு சட்டம்? அரசரும் போய், ஆண்கள் பின்னிய சடையும் போய், குடியரசு வந்த புதிதில், கூ வாத்தியார் கடல் கடந்து படித்துவிட்டு ஊர் திரும்பினார். ஒருநாள் இதே மேசையில், இதே மொச்சையைத் தின்றுகொண்டு சொன்னார்:

'ஜின் அண்ணே, நம்ம கவிஞருங்க ஆயிரம் வருஷமா அவளை வேலை வாங்கிட்டாங்க. ஒருநாள் லீவு குடுத்தாங்களா? காதலா, அவளைக் கூப்பிடு. பிரிவா, கூப்பிடு. பதவி போச்சா, குடிச்சிட்டு மல்லாக்கப் படுத்துக்கிட்டு அவளைக் கூப்பிடு. கண்ணெதிர்ல நடக்கறதை ஒருத்தனும் எழுதல.'

அடுத்த மேசையில் மாணவிகளின் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்த யூலின் டீச்சர் தலை நிமிராமலே சொன்னார்:

'பாவம், பொம்பளையாப் பொறந்தா அப்படித்தான். நாமளாவது விட்டுடுவோம்.'

கூ வாத்தியார் திரும்பிப் பார்த்தார். 'டீச்சரம்மா, நீங்க கவிதை எழுதுவீங்களா?'

'எழுதுவேன். ஆனா அதுல ராத்திரியே வராது. ராத்திரி எனக்குத் தூக்கம் வந்துடும்.'

அங்கே பிறந்தது கழகம்! இரவில்லாத கழகம், இரவல் இல்லாத கழகம், பட்டப்பகல் கழகம்! மேசை என்னுடையது என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். என் கவிதையைக் கேட்டிருந்தால் ஆக்கியிருக்க மாட்டார்கள்.

ஆகா, அந்த நாட்கள்! எதை எழுதவில்லை நாங்கள்? பல்லக்குத் தூக்கியின் தோளை எழுதினோம். பட்டாலை நீராவியை எழுதினோம். பாலத்தடியில் குடை பழுது பார்ப்பவரை எழுதினோம். ஹோ அவர்கள் தம் மனைவியின் பல்வலியைப் பற்றி எழுதினாரே, அதுதான் 'பட்டப்பகல்' இதழுக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் கவிதை. பாராட்டு வரும் என்று காத்திருந்தோம். பீக்கிங்கிலிருந்தும் ஷாங்காயிலிருந்தும் வந்தவையெல்லாம் கைவைத்தியக் குறிப்புகள்! கிராம்பு வைக்கச் சொன்னார்கள், இஞ்சி வைக்கச் சொன்னார்கள், ஒருவர் பொட்டலத்தில் மருந்தே அனுப்பிவிட்டார். ஹோவின் மனைவியார் கடைக்கே வந்து நின்றார்.

'பல்லு என்னுது, வலி என்னுது, பேரு மட்டும் இவருக்கா?' என்றார்.

அந்த அம்மையாரின் பெயரையும் அடுத்த இதழில் சேர்த்துப் போட்டோம். இதோ முன்வரிசையில் இருக்கிறார். பல் இப்போது சுகம்தானே அம்மா? விதை கடிக்கிறார், சுகம்தான்.

கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்ட பெண்கள் வந்தார்கள். கோட்டுப் போட்ட இளைஞர்கள் வந்தார்கள். அந்தப் பெண்கள் வருவதால் இன்னும் பல இளைஞர்கள் வந்தார்கள். இலக்கியம் வளர்ந்தது, என் வியாபாரமும் வளர்ந்தது. பெரியவர் யாவ் அவர்கள் தேநீர்க்கடையில் எங்களைப் பற்றி, 'பல்வலியைப் பாடறானுங்க, நாளைக்கு வயித்துப்போக்கைப் பாடுவானுங்க' என்று முழங்கினார். தலைவர் அவர்களே, உண்மையைச் சொல்கிறேன், அடுத்த இதழில் அதைத்தான் பாடினோம். யோசனைக்கு நன்றி.

இப்போது வருகிறேன், எங்கள் உச்சத்துக்கு! உலகத்தில் வேறு எந்த இலக்கியக் கழகமும் செய்யாத, செய்யவும் நினைக்காத காரியத்துக்கு!

இதே திருநாள். ஊரே வாசலில் பழமும் பணியாரமும் படைத்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிற நாள். நாங்கள் கூட்டம் முடித்துக் கதவைத் திறந்தோம். வெளியே பார்த்தால், தெருவெல்லாம் வெள்ளை. டொக் டொக் பாலத்துக்கு மேலே நிற்கிறாள். கூ வாத்தியார் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

'அண்ணே, இன்னைக்குத் தலையைத் தூக்கினோம், ஊரு நம்மைப் பாத்துச் சிரிச்சிடும்.'

யூலின் டீச்சர் என் கடை மூலையைக் காட்டினார். 'குடை இருக்கே' என்றார்.

விரித்தோம் ஐயா, குடையை! ஒரு துளி மழை இல்லை. ஒரு துண்டு மேகம் இல்லை. எண்ணெய்க் காகிதக் குடைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு, கவிஞர்கள் வரிசையாகக் கால்வாய்க்கரைத் தெருவில் நடக்கிறோம்! எதிர்வீட்டு அம்மையார் எங்களைப் பார்த்தார். மழை வரப்போகிறது என்று நினைத்து, படையலைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். அவரைப் பார்த்துப் பக்கத்து வீடு ஓடியது. அதைப் பார்த்து அடுத்த வீடு. நாங்கள் தெருக்கோடியை எட்டுவதற்குள் ஷுவாங்டாங்கில் ஒரு படையல்கூட வெளியே இல்லை! மாடத்தில் நின்று பாட்டுக்கு முதலடி தேடிக்கொண்டிருந்த பெரியவர் யாவ் மட்டும் கையை நீட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினார்:

'டேய்! மழையே இல்லையேடா!'

குடைக்கு உள்ளிருந்து கூ வாத்தியார் சொன்னார்: 'மழைக்கு இல்ல ஐயா. தொந்தரவுக்கு!'

அந்த நேரம் பார்த்து, குடை மறைத்ததால் படித்துறை தெரியாமல், ஹோ அவர்கள் கால்வாயில் விழுந்தார். இழுத்துப் போட்டோம். நடுங்கிக்கொண்டே இருந்தவரிடம் யூலின் டீச்சர் கேட்டார்:

'தண்ணிக்குள்ள கண்ணைத் திறந்தீங்களா?'

'திறந்தேன்.'

'அப்ப அவ நிழலைப் பாத்திருப்பீங்க. ஒரு தட்டு.'

பாவம், ஈரத்துணியோடு வாங்கித் தந்தார். அந்தச் சேதி ஹாங்சோ நகரத்துச் செய்தித்தாளில் வந்தது. 'குடைக் கவிஞர்கள்' என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு எங்கள் இதழ் போகாத ஊர் இல்லை, எங்களைப் பற்றிப் பேசாத பள்ளி இல்லை. அன்று அந்தத் தெருவில் கூ வாத்தியாரும் யூலின் டீச்சரும் சிரித்த சிரிப்பை நான் கேட்டேன். குடைக்குள் முகம் தெரியவில்லை, சிரிப்பு மட்டும் கேட்டது. அந்தச் சிரிப்பை இன்னும் ஒருமுறை கேட்கத்தான் இந்தக் கூட்டத்தையே கூட்டினேன்.

பிறகு ஏன் வீழ்ந்தோம்? படை வந்ததா? பஞ்சம் வந்ததா? யாராவது தடைசெய்தார்களா? இல்லை, அன்பர்களே! ஒன்றைத் தடைசெய்து புகழ் பெற்றோம். இன்னும் தடைசெய்தால் இன்னும் புகழ் வரும் என்று நினைத்தோம்!

அடுத்து வில்லோ மரத்தைத் தடைசெய்தோம். அழகுக்கென்றே நிற்கிறதாம். காட்டு வாத்தைத் தடைசெய்தோம். வெளியே கத்துகிறீர்களே, உங்களைத்தான்! மழை போயிற்று. கண்ணீர் போயிற்று. வசந்தம் போயிற்று. ஒருநாள் சுவரில் பார்க்கிறேன், தடைப் பட்டியலில் 'மது'! என் கடையில் உட்கார்ந்து, என் கிண்ணத்தில் என் மதுவைக் குடித்துக்கொண்டே, மதுவைத் தடைசெய்திருக்கிறார்கள்! கேட்டால், 'குடிக்கலாம் அண்ணே, எழுதத்தான் கூடாது' என்கிறார் கூ வாத்தியார்.

கடைசியில் எழுத என்ன மிஞ்சியது? ஓர் இளைஞர் எழுந்து, 'கதவு. கதவு. கதவு' என்று மூன்றடிக் கவிதை படித்தார். குற்றம் காண எதுவுமில்லாததால் எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். எனக்குப் புரியவில்லை என்பதைக் காட்டிக்கொள்ளாமல் பலமாகவே தட்டினேன்.

அப்படியொரு மாலையில்தான் யூலின் டீச்சர் எழுந்தார். அவர் படித்த கவிதை எனக்கு மனப்பாடம். வேறு எந்தக் கவிதையும் எனக்கு மனப்பாடம் இல்லை, என்னுடையதும் சேர்த்து. சொல்கிறேன். அவர் சொன்ன சொல் வரும் இடத்தில் நான் மேசையைத்தான் தட்ட முடியும்.

வீட்டில் ஒரு கரண்டி எண்ணெய்.
அது என் பாடத்துக்கு எரிந்தது.
அம்மா படித்துறையில் துவைத்தாள்
டொக் டொக் வெளிச்சத்தில்.
மேகம் மூடிய நாட்களில்
ஊர்த்துணி முழுவதையும்
கையால் தடவியே வெளுத்தாள்.

இதோ முன்வரிசையில் இருக்கிறார் அந்த அம்மா. ஆமாம் அம்மா, உங்களைப் பற்றியதுதான். என்ன சொல்கிறீர்கள்? 'கேட்டுச்சு, கேட்டுச்சு. ஒரு துணியிலயும் கறை நிக்கலன்னு அதுல சேக்கச் சொல்லு' என்கிறார். சேர்த்துவிடுவோம்.

கவிதை முடிந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கண்ணீர் தடை என்பதால் புகை என்று சொல்லிக்கொண்டேன். கூ வாத்தியார் மெல்லச் சொன்னார்:

'கவிதை ரொம்ப நல்லா இருக்கு டீச்சரம்மா. ஒரு தட்டு.'

'எதுக்கு?'

'சட்டம் இருக்கே.'

'வாத்தியாரே, நான் சொன்னது உங்க கவிஞருங்க குடிச்சிட்டுக் கூப்பிட்ட ஆளு இல்ல. அது எங்க வீட்டு விளக்கு.'

'அப்படின்னா விளக்குன்னே எழுதியிருக்கலாமே?'

'விளக்கு இருந்திருந்தா விளக்குன்னு எழுதியிருப்பேன்.'

இந்த இடத்திலாவது யாராவது சிரித்திருக்க வேண்டும், பேச்சை மாற்றியிருக்க வேண்டும். ஹோ அவர்களாவது குறட்டை விட்டிருக்க வேண்டும். அன்றைக்கென்று பார்த்து அவரும் விழித்திருந்தார்.

'எல்லாருக்கும் ஒரே சட்டம்' என்றார் கூ வாத்தியார்.

'தட்டு தர மாட்டேன்' என்றார் யூலின் டீச்சர். தம் குடையை எடுத்துக்கொண்டு போனார். அன்று நல்ல மழை. அந்தக் குடையை உண்மையாகவே விரித்துக்கொண்டு போனார்.

அவரோடு பாதிக் கழகம் போனது. அவர்கள் 'திறந்த சன்னல் கழகம்' தொடங்கினார்கள். அதிலும் பிளவு. முழு வட்டம் கூடாது, அரை வட்டம் வரை அனுமதிக்கலாம் என்று ஒரு கழகம். அவளைச் சொல்லலாம், ஆனால் வருத்தப்படக் கூடாது என்று இன்னொரு கழகம். எல்லோரும் ஒருவரையொருவர் தாக்கி எழுதிக்கொண்டார்கள். எழுதுகிறவர் பெருகினார்கள், படிக்கிறவர் அருகினார்கள். பிறகு ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு வங்கி வேலை. 'கதவு' எழுதினாரே அந்த இளைஞர், ஷாங்காயில் சோப்பு விளம்பரம் எழுதுகிறார், நன்றாக எழுதுகிறார், அந்தச் சோப்பைத்தான் நாங்கள் வாங்குகிறோம். சன்னலும் சாத்தப்பட்டது. பகலும் சாய்ந்தது.

வாத்தியாரே, இப்போது நான் சொல்லப்போவதற்கு நீங்கள் என்னை முறைப்பீர்கள். முறையுங்கள். நாளைக்குப் போகிறவர் முறைப்புக்கு நான் பயப்பட மாட்டேன்.

அன்பர்களே! கூ வாத்தியாருக்கு அவள்மேல் ஏன் அத்தனை கோபம்? கடல் கடந்து படித்த திமிர் என்றார்கள் சிலர். இல்லை! அவருடைய தந்தையார் பழைய அரசுத் தேர்வுகளில் தோற்றுத் தோற்று, தேர்வே ஒழிக்கப்பட்ட பிறகும் முற்றத்தில் உட்கார்ந்து, டொக் டொக் பற்றியே பாட்டெழுதிக்கொண்டிருந்தவர். உள்ளே அரிசிப் பானை காலி. அம்மா அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக் கஞ்சி கேட்டு வருவார். வரும்போது முற்றத்திலிருந்து குரல் வரும், 'சத்தம் போடாதே, அழகு கலைகிறது' என்று. இதை ஒரே ஒருமுறை, என் மதுவில் கொஞ்சம் கூடுதலாய்ப் போனபோது, என்னிடம் சொல்லியிருக்கிறார். யூலின் டீச்சருக்கு இது தெரியாது. இந்த நொடிவரை தெரியாது.

எண்ணிப் பாருங்கள்! ஒரே வானம். ஒரே ஊர். ஒரே அவள். ஒரு வீட்டில் சோற்றை மறக்கச் செய்தவள் அவள்; ஒரு வீட்டில் சோறு சம்பாதிக்கக் கைக்கு வெளிச்சம் தந்தவள் அவள். அவளைத் துரத்தியவன் பொய் சொன்னானா? இல்லை! அவளை அழைத்தவள் பொய் சொன்னாளா? இல்லை! இருவரும் தத்தம் தாயின் பக்கம் நின்றார்கள். இருவரும் தாயின் பக்கம் நின்றவர்கள் எதிரெதிர்ப் பக்கம் நிற்பது என்ன நியாயம்? பட்டப்பகல் கழகம் எதற்குப் பிறந்தது? கண்ணெதிரே இருப்பதைப் பார்க்கப் பிறந்தது! பல்வலியைப் பார்த்தோம், பல்லக்குத் தோளைப் பார்த்தோம், பக்கத்து மேசையில் இருந்த மனிதரைப் பார்க்கத் தவறினோம். கழகம் வீழ்ந்தது அந்த மாலையில்தான். மற்றதெல்லாம் நாற்காலி எடுத்து அடுக்கிய வேலை.

வெளியே வெளிச்சம் மங்குகிறது. விளக்கேற்றும் நேரம். மரபுப்படி செயலாளர் நான் பலகையை இறக்க வேண்டும். இறக்கிவிட்டால் சட்டம் போயிற்று. பிறகு யார் வேண்டுமானாலும் அவள் பெயரைச் சொல்லலாம், சொன்னதற்குத் தண்டமும் கிடையாது, சொன்னதில் ஒன்றும் இருக்காது. இதோ ஏணியில் ஏறுகிறேன். ஏணியைப் பிடியுங்கள் ஐயா, என் எடை உங்களுக்குத் தெரியும். பலகையில் கை வைத்துவிட்டேன். மெதுவாகத்தான் இறக்குவேன். மிக மெதுவாக. யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா?

யாரது எழுந்திருப்பது? வாத்தியாரா? சொல்லுங்கள்.

கேட்கவில்லை வாத்தியாரே. வாத்துகள் கத்துகின்றன, சும்மா இருங்கள் சனியன்களே! வாத்தியாரே, இன்னொரு முறை, உரக்க!

...

அடுக்களைப் பக்கம் கேட்டதா? கேட்கவில்லை என்கிறார்கள். கடைசி வரிசைக்குக் கேட்கவில்லையாம். நான் திருப்பிச் சொன்னால் எனக்கும் தண்டம். போகட்டும்! ஏணி மேல் நின்று சொல்கிறேன், ஊரே கேட்கட்டும்: கூ பாய்ஷான் வாத்தியார் யூலின் டீச்சரைப் பார்த்துச் சொன்னார், 'நிலா' என்று! நிலா, நிலா என்று இரண்டு முறை சொன்னார்! 'உங்க அம்மாவோட நிலா நல்ல நிலா, டீச்சரம்மா. அன்னைக்கே நான் கேட்டிருக்கணும்' என்று சொன்னார்!

ஹோ விழித்துவிட்டார்! 'யாரு சொன்னது? யாரு தட்டு?' என்கிறார். உட்காருங்கள் ஹோ, இன்று உங்கள் தட்டு இல்லை!

அமைதி, அமைதி! யூலின் டீச்சர் எழுந்துவிட்டார். கதவுப் பக்கம் போகவில்லை, இந்தப் பக்கம் வருகிறார். வழி விடுங்கள். விதைத் தோலைக் காலால் ஒதுக்குங்கள் தாய்மார்களே. என்ன டீச்சர்? சத்தமாகச் சொல்லுங்கள், படகுக்காரர்களுக்கும் கேட்கட்டும்.

'சட்டம்னா எல்லாருக்கும் ஒரே சட்டம். வாத்தியாருக்கு ஒரு தட்டு. அண்ணனுக்கு ஒரு தட்டு. எனக்குப் பழைய தட்டு ஒண்ணு நிக்குது, அதையும் சேத்துக் கொண்டாங்க. மிளகாய்க் குழம்பு தனியா. வாத்தியாருக்குக் காரம் ஆகாது.'

கேட்டீர்களா! காரம் ஆகாது என்பதை மறக்கவில்லை! அவர் மேசையிலேயே உட்கார்ந்துவிட்டார்! சிரிக்கிறார்கள், இருவரும் சிரிக்கிறார்கள். இந்தச் சிரிப்புத்தான், அன்பர்களே, குடைக்குள் நான் கேட்டது இந்தச் சிரிப்பைத்தான்!

தலைவர் பெரியவர் யாவ் அவர்கள் என் காலைப் பிடித்து இழுக்கிறார். 'நான் ஆயுசு முழுக்கச் சொல்லியிருக்கேனே, எனக்கு எத்தனை தட்டுடா?' என்று கேட்கிறார். ஐயா, அதற்கு இந்த மாகாணத்துச் சோயா போதாது. உங்களுக்கு மன்னிப்பு.

பலகை இறங்கிவிட்டது. இதோ, சுவரோரம் சாத்தி வைக்கிறேன். கழகம் கலைந்தது. ஆனால் யாரும் கலைய வேண்டாம். அடுக்களையில் காலையிலிருந்தே எண்ணெய்ச் சட்டியைத் தயாராக வைத்திருக்கிறேன். 'யாரும் வாயைத் திறக்கலன்னா என்ன செய்யறது?' என்று என் மனைவி கேட்டாள். 'யாராவது திறப்பாங்கடி' என்றேன். திறந்தார்கள்.

தலைமை தாங்கிய தகைமையாளருக்கும், பொறுமை காத்த பெருமக்களுக்கும், விதை கொறித்தாலும் ஒரு சொல்லையும் தவறவிடாத தாய்மார்களுக்கும், ஏணி பிடித்த இருவருக்கும், கடைசியில் வாயை மூடிக்கொண்ட வாத்துகளுக்கும் என் நன்றி உரித்தாகுக! கூ வாத்தியாரே, படகு ஏறுகிறவரைக்கும் இந்த மேசை உங்களுடையது. திரும்பி வந்தாலும் உங்களுடையதே. கான்டனில் மீன் வாங்க வேண்டி வந்தால், இனிமேல் தின்பதற்கு மட்டும் வாங்குங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் கால்வாய்க்கரைத் தெருவழியாகப் பாலத்துக்கு நடக்கப்போகிறோம். அன்றைய குடைகள் மூலையில் அப்படியே இருக்கின்றன, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதோ, கூரைக்கு மேலே வந்துவிட்டாள். குடையை யாரும் விரிக்காதீர்கள். வணக்கம்!